ஒன்பதே கால் மணிக் காணிக்கைப் பாட்டு

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலையையும் கோயிலில் பெட்டி வாசிக்கும் வேலையையும் ஒரே ஆளிடம் கொடுத்தால், அந்த ஆளுக்கு லீவு என்பதே கிடையாது. கிறிஸ்துமஸுக்குப் பள்ளியை மூடுவார்கள், கோயிலைத் திறந்து வைப்பார்கள். மே மாதம் பள்ளியை மூடுவார்கள், ஊரிலுள்ள கல்யாணம் எல்லாம் கோயிலுக்கு வரும். என்னைப் போல ஆர்மோனியப் பெட்டிக்கும் கரும்பலகைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நானும் என் மனைவி எஸ்தரும் திருநெல்வேலிப் பக்கம் ஒரே கிராமத்துப் பள்ளியில் வேலை பார்த்தோம். இருவருக்கும் பெட்டி வாசிக்க வரும். மயிலாப்பூரில் ஒரு மிஷன் பள்ளிக்கு வாசிக்கத் தெரிந்த வாத்தியார் வேண்டும் என்றார்கள், வந்தேன். அடுத்த ஜூனில் அவளும் வருவதாகப் பேச்சு. நான்கு ஜூன் போயிற்று. அவளும் கிளம்பிவிட்டால் பெட்டி வாசிக்க யார் என்று கிராமத்துச் சபைக் கமிட்டி அவளை விடவில்லை. நான் மனுமேல் மனு போட்டுக்கொண்டிருந்தேன்.

கடிதம் வரும் நாள்

எஸ்தரின் கடிதம் வியாழக்கிழமை பள்ளி முகவரிக்கே வரும். அன்று காலையிலிருந்தே என் காது வாசல் பக்கம் இருக்கும். மூன்றாம் வகுப்புக்கு ஏழாம் வாய்ப்பாட்டை இரண்டு முறை சொல்லிக் கொடுத்துவிட்டு எட்டாம் வாய்ப்பாட்டை மறந்துபோன நாளும் உண்டு. தபாலைக் கையில் வாங்கியதும் மாடிப்படியில் நின்றே படித்துவிடுவேன்.

பக்கத்து வகுப்புக் கணக்கு வாத்தியார் வேங்கடராமன் பரம்பரை மயிலாப்பூர்க்காரர். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நேக்கு ஆத்துல தினம் சண்டை, உமக்கு வாராவாரம் கடுதாசி. பகவான் நம்ம ரெண்டு பேரையும் மாத்திப் போட்டிருக்கப்படாதோ?"

மே மாத முகம்

ஒரு மே மாதம் ரயிலுக்கு டிக்கெட்டே எடுத்துவிட்டேன். அந்த ஞாயிறு கோயிலில் வரிசையாகக் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள். ஒன்றல்ல, ஆறு. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தேன். ஆறு மணப்பெண்களும் ஆறு மாப்பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் நடந்து போனார்கள். நான் மிதிக்கட்டையை மிதித்துக்கொண்டே இருந்தேன்.

ஆறாவது கல்யாணம் முடிந்ததும் பெண்ணின் தகப்பனார், கோபாலபுரத்துப் பெரிய மனிதர், என்னைத் தனியே கூப்பிட்டார். குறை எதுவும் இல்லையே என்று கேட்டேன். "வாசிப்பு பிரமாதம் சார். ஆனா பொண்ணை வழியனுப்புற நானே அழல, நீங்க ஏன் அழுதீங்க?"

ஆமென்

நானும் எஸ்தரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். ஆராதனையில் மற்றப் பாட்டுகளுக்கெல்லாம் போதகர் எண் குறித்துக் கொடுப்பார். காணிக்கை எடுக்கும்போது மட்டும் யாரும் பாடுவதில்லை, பெட்டி மட்டும்தான். அந்த ஐந்து நிமிடம் வாசிப்பவர் இஷ்டம். அங்கேயும் அப்படியே. ஞாயிறு ஒன்பதே காலுக்கு இரண்டு ஊரிலும் ஒரே பாட்டை வாசிப்பது என்று முடிவாயிற்று. எங்கள் கல்யாணத்தில் அவள் அண்ணன் வாசித்த மெட்டு அது.

இடைஞ்சல் எங்கள் போதகரின் பிரசங்கம்தான். ஒரு ஞாயிறு ஒன்பதே கால் ஆகியும் அவர் பிரசங்கத்தில் புகுந்த வனாந்தரத்தை விட்டு வெளியே வரவில்லை. நான் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலுக்கு எப்படித்தான் தெரிந்ததோ, தானாக மிதித்தது. கையும் போய்விட்டது. காணிக்கைப் பை பிடிப்பவர்கள் எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆராதனை முடிந்ததும் மன்னிப்புக் கேட்கப் போனேன். போதகர் அங்கியைக் கழற்றியபடியே சொன்னார்: "என் பிரசங்கத்துக்கு இத்தனை வருஷமா யாரும் ஆமென் சொன்னதில்லை. இன்னிக்கு நீங்க சொல்லிட்டீங்க."

வேற பாட்டு

கடிதம் போய்ப் பதில் வர ஒரு வாரம் ஆகிவிடும். பாட்டை மாற்றப் போய் ஒரு வாரம் தவறிவிட்டால்? அந்தப் பயத்தில் மாற்றவே இல்லை. இரண்டு வருஷம் அதே மெட்டு. கோயில் வேலையாள் மாசிலாமணி அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து விடியற்காலையே வந்து பெஞ்சு துடைப்பவர். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டேவிட்டார்: "இன்னா வாத்தியாரே, பொட்டிக்குள்ள இந்த ஒரு பாட்டுதான் கீதா?"

பெண்கள் பக்கம் முதல் பெஞ்சு

ஐந்தாவது ஜூனில் எஸ்தரை விட்டுவிட்டார்கள். என் பதினோரு மனுவும் வேலை செய்துவிட்டதாக எல்லோரிடமும் பெருமையடித்தேன். முதல் ஞாயிறு அவள் பெண்கள் பக்கம் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்காக ஒரு மாதம் பழகிய புதுப் பாட்டைக் காணிக்கைக்கு வாசித்தேன். மாசிலாமணி தூணோரம் நின்று தலையாட்டினார்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் அவள் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். பாட்டு பிடிக்கவில்லையா என்று கேட்டேன். பழைய பாட்டை ஏன் விட்டீர்கள் என்றாள். நீதான் வந்துவிட்டாயே என்றேன். அவள் பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னதை இன்றும் நான் ஒரு சொல் மாறாமல் சொல்வேன்: "எங்க பெட்டியோட துருத்தியை எலி தின்னு ஒரு வருஷமாச்சு. பெட்டி இல்லாத கோயிலுக்குப் பெட்டி வாசிக்க ஆள் எதுக்குன்னுதான் என்னை விட்டாங்க. அந்த ஒரு வருஷமும் ஒன்பதே காலுக்கு நான் போய் வெறும் பெட்டி முன்னால உக்காந்துதான் இருந்தேன். எழுதினா நீங்களும் நிப்பாட்டிருவீங்கன்னு எழுதல."

எஸ்தருக்குப் பெட்டி வாசிக்க வரும் என்பது மறுவாரமே போதகர் காதுக்கு எட்டிவிட்டதால், இப்போது ஒரே வீட்டில் ஒரே ஸ்டவ்வில் சமைத்துச் சாப்பிடும் நாங்கள், ஞாயிறு ஒன்பதே காலுக்கு மட்டும் அவள் வாசிக்க ஆளில்லாத கே.கே. நகர்ப் புதுச் சபையிலும் நான் மயிலாப்பூரிலும் உட்கார்ந்து, அதே பழைய பாட்டை வாசித்துக்கொண்டிருக்கிறோம்.