சனிக்கிழமை நாலு மணிக்கு வந்த சிப்பாய்

பழைய பொருளுக்கு இலக்கம் போடுவது என் தொழில்; பொருள் வாய் திறக்காது, கொண்டுவருகிறவர்கள் வாயை மூடமாட்டார்கள்.

பிராங்பேர்ட்டிலிருந்து எஸ்-பான் ரயிலில் அரை மணி நேரம் போனால் வரும் ஒரு ஊரின் நகர அருங்காட்சியகத்தில் வேலை செய்கிறேன். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்த ஊரில் அமெரிக்கப் படைமுகாம் இருந்தது. அதில் கறுப்பினச் சிப்பாய்களும் இருந்தார்கள். இங்கே ஆடினார்கள், பாடினார்கள், காதலித்தார்கள், மாற்றல் வந்ததும் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனார்கள். முகாமை இடித்து அடுக்குமாடி கட்டி முடித்த பிறகுதான் அருங்காட்சியகத்தில் அவர்களுக்கென ஒரு அறை வேண்டும் என்று நகரசபைக்கு ஞாபகம் வந்தது. பொருள் சேர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. தினமும் சனத்தோடு மாரடிக்கிற எவருக்கும் என் பாடு விளங்கும்.

சாக்லேட்

பத்திரிகையில் அறிவித்தல் வந்த மறுநாளே ஒரு பெரியவர் வந்தார். கறுப்பினச் சிப்பாய் ஒருவர் அவருடைய தாயாருக்குக் கொடுத்த சாக்லேட்டாம். உறைகூடப் பிரிக்கவில்லை. உணவுப் பொருளை உள்ளே எடுத்தால் பூச்சி வரும், மற்றவற்றையும் தின்றுவிடும், எடுக்க ஏலாது என்று பணிவாகச் சொன்னேன். அவர் அதைத் திரும்பப் பைக்குள் வைக்க வெகுநேரம் எடுத்தார்.

“சின்ன வயதில் இதைத் தொட்டதற்காக எவ்வளவு அடி வாங்கியிருக்கிறேன். வேண்டாம் என்பீர்கள் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே தின்றிருப்பேன்.”

மூக்கு

மோனிகா கொண்டுவந்தது ஒரு படம். எழுபதை நெருங்கும் பெண், ஓய்வுபெற்ற தாதி. படத்தில் ஒரு கறுப்பினச் சிப்பாய் சலூன் நாற்காலியில் கழுத்தில் வெள்ளைத் துணியோடு சிரித்துக்கொண்டிருந்தார். பின்பக்கம் மோனிகாவுடைய தாயாரின் கையெழுத்தில் ஒரு திகதியும் ‘வால்டர்’ என்ற பெயரும். குடும்பப் பெயர் இல்லை. மோனிகாவின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் என்ற இடம் வெறுமையாக இருந்தது. தாயார் ஒன்றும் சொல்லாமலே இறந்துபோனார்.

ஆவணம் இல்லாமல் பெயர் எழுதக் கூடாது என்பது எங்கள் விதி. நானும் விதிப்படி ‘அறியப்படாத அமெரிக்கச் சிப்பாய்’ என்று விளக்க அட்டை அடித்து வைத்தேன். அதை வாசித்துவிட்டு அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அறை திறக்க மூன்று கிழமை இருந்தது. அதற்குள் அட்டையில் தன் அப்பாவின் பெயர் வராவிட்டால் படத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வேன் என்றார்.

“உங்களுக்கு அவர் அறியப்படாதவராக இருக்கலாம். எனக்கு அந்த மூக்கைத் தெரியும், தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.”

வீட்டிலே

இதை என் அப்பாவிடம் சொன்னேன். அவர் அகதியாக வந்தவர், விமான நிலையச் சமையலறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். என் வேலையில் அவருக்கு ஒருநாளும் மரியாதை இருந்ததில்லை. ஓட்டைக் கேத்தலுக்கு நம்பர் போடப் படிப்பு எதற்கு என்று கேட்பார். விதி அப்படி, நான் என்ன செய்வது என்றேன். தேத்தண்ணியை மேசையில் வைத்தார்.

“நான் வரேக்க என்னட்டயும் ஒரு கடுதாசியும் இல்லைப் பிள்ளை. அதுக்காக நான் ஆர் எண்டு எனக்குத் தெரியாமலோ இருந்தது?”

சரி அடையாளம்

அடுத்த கிழமை ஒரு முதிய பெண் மூன்று பெட்டிகளோடு வந்தார். தகப்பன் நடத்திய சலூனை மூடுகிறார்களாம். அந்தக் காலத்தில் கறுப்பினச் சிப்பாய்களின் முடி வெட்டத் தெரியாது என்று மற்றச் சலூன்காரர்கள் கதவைச் சாத்த, இவர் அந்தச் சிப்பாய்களிடமே கேட்டுப் பழகினாராம். மோனிகாவின் படத்தைக் காட்டினேன். பின்னால் தெரியும் கண்ணாடியின் மூலையில் இருந்த வெடிப்பை அந்தப் பெண் உடனே தொட்டுக் காட்டினார். சிறு வயதில் அவரே பந்தெறிந்து உடைத்தது.

பெட்டிக்குள் சீப்புகளுக்கு அடியில் கொப்பிகள். இந்த நாட்டில் முடி வெட்டவும் முன்கூட்டியே டெர்மின் என்று நேரம் எடுக்கவேண்டும் அல்லவா? நாள், நேரம், முழுப்பெயர், எல்லாம் குண்டு குண்டான எழுத்தில் இருந்தன. பெயர்களுக்குப் பக்கத்தில் சில இடத்தில் சரி, சில இடத்தில் சிவப்புக் கோடு. என்ன கணக்கு என்று கேட்டேன்.

“சொன்ன நேரத்துக்கு வந்தால் சரி, வராவிட்டால் சிவப்பு. அப்பா மனிதர்களை அந்த இரண்டாகத்தான் பிரித்து வைத்திருந்தார்.”

நாலு மணி

படத்தின் பின்னால் இருந்த திகதியைக் கொப்பிகளில் தேடினேன். சனிக்கிழமை. நாலு மணிக்கு ‘வால்டர் டோப்சன்’. எங்கள் அருங்காட்சியகப் பொறுப்பாளர் இரண்டு நாள் எல்லாக் கொப்பிகளையும் புரட்டி, வேறு வால்டர் இல்லை என்று உறுதிசெய்த பிறகு, அட்டையை மாற்றச் சொன்னார்.

மோனிகா வந்தார். கையுறை போடக் கொடுத்தேன், விதி. அவர் விரலை வைத்து ஒவ்வொரு பக்கமாகப் போனார். இரண்டு கிழமைக்கு ஒருமுறை சனிக்கிழமை, நாலு மணி, வால்டர் டோப்சன், சரி. ஒரு வசந்த காலத்தோடு பெயர் நின்றுவிட்டது. அதன் பிறகு முகாமிலிருந்த பலரின் பெயர்களும் இல்லை; எல்லோருக்கும் மாற்றல் வந்திருக்கவேண்டும். பிறகு படத்தின் நன்கொடைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

“சொன்ன சொல்லுக்கு வராத மனிதன் என்றுதான் அம்மாவின் வீட்டில் எனக்குச் சொல்லி வளர்த்தார்கள். பாருங்கள், ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை.”

ஒருவர் இருந்தார் என்பதற்குப் பெற்ற மகளின் மூக்குப் போதாது, முடி வெட்டியவரின் சரி அடையாளம் வேண்டும் என்பதற்காகத்தான் எனக்கு மாதாமாதம் சம்பளம் தருகிறார்கள்.