மச்சமும் இல்லை, கேமும் இல்லை

பழைய காலத்துக் கேமுகளைக் கையிலை வைச்சு விளையாடுற சின்னப் பெட்டியள் விக்கிறது எண்டது யாழ்ப்பாணத்திலை ஒரு தொழில் இல்லை, ஒரு வருத்தம். என்னை மாதிரி இந்த வருத்தம் வந்த ஆக்கள் வேறை ஆரும் இருந்தால் வாங்கோ, பக்கத்திலை இருந்து சேந்து அழுவம்.

நான் பஸ் ஸ்ராண்டுக்குக் கிட்ட ஃபோன் திருத்திக்கொண்டு ஒழுங்காச் சீவிச்சவன். விசர் பிடிச்சு, ஃபோன் சாமான் எல்லாத்தையும் ஒதுக்கிப்போட்டு, அலுமாரி நிறைய உந்தப் பெட்டியளை இறக்கினன். என்ரை மனுசி வசந்தி சண்டை பிடிக்கேல்லை, ஒரு தவணை மட்டும் வைச்சா. நல்லூர்த் திருவிழா முடியிறதுக்கிடையிலை கடை தன்ரை வாடகையைத் தானே உழைக்கோணும். இல்லாட்டிக் கடையைப் பூட்டிப்போட்டு, தன்ரை அண்ணையின்ரை ஹாட்வெயார்க் கடையிலை போய் நான் ஆணி நிறுக்கோணும். மச்சானுக்கு என்னைக் கண்டாலே சிரிப்பு வரும்.

அக்கா கேட்ட பெட்டி

பண்டத்தரிப்பிலை இருந்து ஒரு அக்கா வந்தா. மகனுக்கு ஒண்டு வேணுமாம். உந்தச் சாமானைத் தெரிஞ்செடுக்கிறதுக்கு ஒரு முறை இருக்கு, நான் எல்லாருக்கும் சொல்லுறனான். முதல் கைக்குள்ளை அடங்குதோ பாருங்கோ, பொத்தானை அமத்திப் பாருங்கோ, வெளிச்சத்துக்குள்ளை கொண்டுபோய்த் திரை தெரியுதோ பாருங்கோ; உள்ளுக்கை எத்தினை கேம் கிடக்கெண்டதைக் கடைசியாக் கேளுங்கோ. சனம் முதல் கேக்கிறதே அந்தக் கடைசிக் கேள்வியைத்தான். ஆயிரக்கணக்கிலை கிடக்கும், விளையாடப்போறது நாலைஞ்சு.

அக்கா அதைக் கேக்கேல்லை. இன்ரநெற் இருக்கோ எண்டு கேட்டா. இல்லை எண்டன். முகம் மலர்ந்திட்டுது. வெட்டுக்குத்து இல்லாத கேமாத் தேடித் தேடிக் காட்டினன், இன்னும் மலர்ந்திட்டுது. பிள்ளைக்கு உது பிடிக்குமோ எண்டு கேட்டா. அதோடை வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமெல்லே? "பிடிக்குமோவோ? சாப்பாட்டையும் மறந்திடுவான் அக்கா!" எண்டன் பெருமையா. அவ பெட்டியை மெல்ல என்ரை பக்கம் தள்ளிவிட்டா.

"அப்ப தம்பி, அவ்வளவு விருப்பமா விளையாடேலாத மாதிரி ஒண்டு இல்லையோ?"

சிலுவைப் பொத்தான்

குருநகர் மரியதாஸ் அண்ணை கடலுக்குப் போறவர். வலையை விட்டிட்டுக் காத்துக்கொண்டிருக்கிற நேரத்திலை விளையாட எண்டு ஒரு பெட்டி வாங்கினவர். காசைக் குடுத்து வாங்கின மனுசன், என்ரை கண்ணுக்குத் தெய்வம் மாதிரித்தான் தெரிஞ்சார். உப்புக் காத்துக்கு ஆகாது, ஈரக் கையாலை தொடாதேங்கோ எண்டு படிச்சுப் படிச்சுச் சொல்லித்தான் குடுத்துவிட்டனான். கொஞ்ச நாளிலை திரும்பி வந்தார். பெட்டியிலை மீன் செதில் ஒட்டிக் கிடக்கு. இடம் வலம், மேலை கீழை போறதுக்கு அமத்துற பொத்தான், சிலுவை மாதிரி இருக்குமே, அது அமத்தினால் எழும்பேல்லை. கழட்டிப் பாத்தால் உள்ளுக்கை எல்லாம் துரு, பச்சைப் பச்சையாக் கறள்.

துடைச்சு, காயவைச்சுக் குடுத்தன். பொலித்தீன் பையுக்கை வைச்சு விளையாடச் சொல்லி ஒரு புத்தியும் சொன்னன். கோதாரி, பையுக்கை ஈரம் நிண்டு மிச்சமும் போச்சு. எனக்கும் கோவம் வந்திட்டுது. "அண்ணை, மற்றப் பொத்தான் எல்லாம் வேலை செய்யுதெல்லே, அதாலை விளையாடுற கேம் ஏதும் பாத்து விளையாடுங்கோவன்" எண்டன். அவர் கோவிக்கேல்லை. பெட்டியை மேசையிலை வைச்சிட்டு வேறை ஒண்டு தரச் சொல்லி நிண்டார்.

"மற்றது எது பழுதானாலும் பறவாயில்லை தம்பி. சிலுவை கறள் பிடிச்ச சாமானைக் கொண்டு நான் எப்பிடிக் கடலுக்குப் போறது?"

கொடியேறீட்டுது

திருவிழா துவங்கிச்சுது. ஊர்ச் சனம், வெளிநாட்டுச் சனம் எல்லாம் றோட்டிலைதானே நிக்கும், எப்பிடியும் தப்பீடுவன் எண்டு நினைச்சன். கடை வாசலிலை கலர் லைற் போட்டன். ஒரு பெட்டியைச் சங்கிலி போட்டு வெளியிலை தொங்கவிட்டன், ஆரும் தொட்டு விளையாடிப் பாக்கட்டும் எண்டு. பிள்ளையள் ஆசையாக் கிட்ட வருவினம். தாய்மார் கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போவினம். கள்ளுக்கடை வாசலிலை நிண்டதுகளை இழுக்கிற மாதிரி! எனக்கு ஒண்டுமா விளங்கேல்லை.

பண்டத்தரிப்பு அக்கா கோயிலுக்குப் போற வழியிலை எட்டிப் பாத்தா. வெக்கத்தை விட்டிட்டு அவவிட்டையே கேட்டன். மகனின்ரை பள்ளிக்கூடச் சோதனைக்காக நேர்த்திக்கடனாம். விரதத்துக்கு மச்சத்தை, மீன் இறைச்சியை விடுற மாதிரி, இந்த முறை கேமையும் விட்டிருக்கினமாம். அவை மட்டுமில்லை, அந்த ஒழுங்கையிலை இருக்கிற வீடு முழுக்க அப்பிடித்தானாம். நான் பிழைக்க எண்டு பாத்திருந்த நாள் முழுக்க, என்ரை சாமான் விலக்கு! நல்லூரானே, நான் உனக்கு என்ன செய்தன்?

"கொடியேறீட்டுதெல்லே தம்பி. இப்ப எங்கடை வீட்டிலை மச்சமும் இல்லை, கேமும் இல்லை."

கனடா அண்ணை

மிஞ்சினது வெளிநாட்டுச் சனம்தான். தேருக்கு முதல் நாள் கனடாவிலை இருந்து வந்த ஒரு அண்ணை கடைக்குள்ளை ஏறினார். சகோதரங்களின்ரை பிள்ளையள் எல்லாருக்கும் ஒவ்வொண்டு வேணுமாம். எல்லாருக்கும் ஒவ்வொண்டு எண்டால் கடை தப்பீட்டுது! கதிரை போட்டன், சோடா எடுப்பிச்சுக் குடுத்தன், ஃபானையும் அவர் பக்கம் திருப்பிவிட்டன்.

விளையாடிப் பாத்துத்தான் எடுப்பன் எண்டு ஒண்டைக் கையிலை எடுத்தவர். மத்தியானம் போச்சு. பின்னேரமும் போச்சு. சார்ஜ் இறங்க நானே வயரைக் கொழுவிவிட்டன். அவர் விழுந்து விழுந்து விளையாட, நான் பக்கத்திலை நிண்டு "உதிலை பாயுங்கோ அண்ணை, உந்தப் பக்கம் கிடங்கு, விழுந்திடுவியள்" எண்டு வழி வேறை காட்டினன். கடைசி அரக்கனும் விழுந்தான். நான் கையும் தட்டினன். அவர் எழும்பி நாரி முதுகை நிமித்திக்கொண்டு பெட்டியை என்ரை கையிலை தந்தார்.

"தாங்ஸ் தம்பி, நல்ல கேம்தான். ஆனால் நான் விளையாடி முடிச்ச கேமைக் கொண்டுபோய்ப் பிள்ளையளுக்குக் குடுக்கேலுமோ?"

வசந்தி

கொடி இறங்கிச்சுது. அடுத்த நாள் வசந்தி கடையைப் பூட்டச் சாமான் கட்ட வந்தா. திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலா இருந்திருக்கும். பெட்டியளை ஒவ்வொண்டா மட்டைக்குள்ளை அடுக்கினா. அலுமாரிக்குப் பின்னாலை போய் நிண்டு அழுதன். பிறகு முகத்தைத் துடைச்சுக்கொண்டு மச்சானுக்கு ஃபோன் எடுத்து, நாளைக்கு வேலைக்கு வாறன் எண்டன். அவர் சிரிச்சார்.

திரும்பிப் பாத்தால், வாசலிலை தொங்கின பெட்டியைத் தூசி தட்டப் போன வசந்தி அந்த இடத்திலையே குந்தியிருக்கிறா. கை பட்டுப் பெட்டிக்கு உயிர் வந்திட்டுது போலை. மேலை இருந்து விழுற கட்டையளை ஒழுங்கா அடுக்கிற கேம். கூட்டி முடிச்சன், லைற்றைக் கழட்டினன், ஷட்டரையும் பாதிக்கு இறக்கிப்போட்டன். கூப்பிடக் கூப்பிடப் "பொறுங்கோ, பொறுங்கோ" எண்டுறா. கடைசியா வாயைத் திறந்தா, தலை மட்டும் நிமிரேல்லை.

"ஒவ்வொரு நாளும் கடைக்குச் சோறு கொண்டந்தனே, ஒருக்காவெண்டாலும் 'இந்தா, விளையாடிப் பார்' எண்டு என்ரை கையிலை தந்தனீங்களோ? தெரிஞ்சிருந்தால் நான் கடையைப் பூட்டச் சொல்லியிருப்பனோ?"

இப்ப நான் பகல் முழுக்க மச்சானின்ரை கடையிலை ஆணி நிறுத்துப்போட்டு, பொழுதுபட வீட்டை வந்து புட்டும் அவிக்கிறன், ஏனெண்டால் யாழ்ப்பாணம் முழுக்க நான் தேடின அந்த ஒரு வாடிக்கையாளர் பெட்டியும் கையுமா இருந்து கதிரையை விட்டு எழும்புறாவில்லை, அவவிட்டைக் காசும் கேக்கேலாது.