கோடிச் சுவரோரம் ஒரு முக்காலி

தோசர் ஊர்ப் பேரீச்சைக் கொட்டகையில் மோங்கியாவின் வாய்க்குப் பயப்படாதவள் ஒருத்திதான்: அவளுடைய அண்ணி சலூஹா. பழத்தைத் தரம் பிரிப்பதில் மோங்கியா கெட்டிக்காரி என்றால், பெட்டியில் அடுக்குவதில் சலூஹாவை அடிக்க ஆளில்லை. ஆனால் ஒருத்தி வாசலோரம், மற்றவள் கோடிச் சுவரோரம். மோங்கியாவின் மகன் கல்யாணத்தில் அண்ணி வீட்டுக்குப் போன கூஸ்கூஸ் சாப்பாட்டுத் தட்டில் கறித்துண்டு ஒன்றுகூட இல்லையாம். அன்றோடு பேச்சு நின்றது. எதுவானாலும் சலூஹாவின் மகள் அஹ்லாம் வழியாகத்தான் போய்வரும். அந்தப் பெண் என்றால் மோங்கியாவுக்கு உயிர்.

இவர்கள் வீம்புக்காக மற்ற பெண்கள் பழத்தட்டுகளைச் சுமந்துகொண்டு கொட்டகையை அளந்தார்கள். பாதி வேலைநாள் நடையிலேயே போயிற்று. முதலாளி ரிதா பொறுத்துப் பார்த்தார்.

"தட்டு தானா நகர்ற பெல்ட் மெஷின் வாங்கப் போறேன். காசுக்கு எங்க போறது? புதுசா சேந்தவங்க மூணு பேரும் இந்த வாரத்தோட நின்னுக்கங்க."

அந்த மூவரில் அஹ்லாமும் ஒருத்தி. மோங்கியாவின் அண்ணன் படுத்த படுக்கை. மகள் அஹ்லாமின் சம்பளமும் இல்லாவிட்டால் அந்த வீடு என்னாவது? மோங்கியா எழுந்தாள்.

"ஒரு நாள் பொறுங்க முதலாளி."

மறுநாள் காலை, தன் முக்காலியைத் தூக்கிக்கொண்டு அத்தனை பேர் முன்னாலும் நடந்துபோய் அண்ணி பக்கத்தில் போட்டாள். கொட்டகையே வாயைப் பிளந்தது.

"அஹ்லாம், உங்கம்மாவைக் கொஞ்சம் நகரச் சொல்லு."

"உங்க அத்தை உடம்புக்குச் சுவரைத்தான் இடிக்கணும்னு சொல்லுடி."

சொன்னாளே தவிர, சலூஹா நகர்ந்துதான் உட்கார்ந்தாள். மோங்கியா பிரிக்க, இவள் அடுக்க, தட்டு கைமாறிக்கொண்டே இருந்தது. எழுந்து நடக்க ஒருவருக்கும் வேலையில்லை. மதியத்துக்குள் பெட்டிகள் ஆளுயரத்துக்கு ஏறிவிட்டன. ரிதா வந்து பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"ஒரு முக்காலிய நகத்துனா முடியுற வேலைக்கா நான் மெஷின் விலை கேட்டு அலைஞ்சேன்! யாரும் வேலைய விட்டு நிக்க வேணாம், போய்ச் சாப்பிடுங்க."

அஹ்லாம் அழுத முகத்தைக் கழுவ வெளியே ஓடினாள். தூது போக ஆளில்லை. சலூஹா தூக்கைத் திறந்து, இருந்ததில் பெரிய கறித்துண்டை எடுத்து மோங்கியாவின் தட்டில் வைத்தாள்.

"தின்னு. எங்க வீட்ல கறி வச்சுத்தான் குடுப்போம்."