மூன்று வாள் சீட்டு

ஓவிய ஆசிரியை எங்கள் பள்ளிக்கு வந்தது ஐம்பத்தெட்டாம் ஆண்டு ஜூன் மாதம். அவர் வந்ததும் தையல் ஆசிரியை என்னோடு நடப்பதை நிறுத்திவிட்டாள் என்று எழுதினால் அது சரியாக இராது. என் நாட்குறிப்பின்படி முதல் வாரம் ஐந்து நாளும் என்னோடுதான் வந்தாள். இரண்டாம் வாரம் நான்கு நாள். மூன்றாம் வாரம் மூன்று நாள். அதிலும் ஒரு நாள் நாங்கள் மூவராக நடந்தோம். நான் ஓரத்தில், சாக்கடைப் பக்கமாக.

அதற்கு முன் பதினோரு ஆண்டுகள் நாங்கள் இருவரும்தான். மாதா கோவிலுக்குப் பின்தெருவில், பல குடித்தனம் இருக்கும் ஒரே வளவில் பக்கத்துப் பக்கத்து வீடு. நான் பூகோளம் நடத்துகிறவள். அவளைவிட ஏழு வயது மூத்தவள். இருவருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளுடைய அண்ணன் சித்தையன்கோட்டையில் இருந்தார். எனக்கு அப்படியும் யாரும் இல்லை. காலை எட்டு இருபதுக்கு அவள் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் நான் குடையை எடுப்பேன். பள்ளியில் என்னை டீச்சர் என்பாள், வீட்டில் அக்கா என்பாள். இதெல்லாம் மாறக்கூடியது என்று நான் நினைத்ததே இல்லை.

ஓவிய ஆசிரியை பொன்மலை ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவர். பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியபோது, அந்த வீட்டு அம்மாள் ஒரு சீட்டுக்கட்டை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். ரம்மி ஆடுகிற சீட்டு அல்ல. மொத்தம் எழுபத்தெட்டு, ஒவ்வொன்றிலும் வண்ணப் படம். கோப்பை, வாள், தடி, காசு என்று நான்கு இனம்; அவை போக இருபத்திரண்டு பெரிய படங்கள். இடி விழுந்த கோபுரம், நல்லது சொல்லும் சூரியன், விளக்கு ஏந்திய துறவி, குதிரைமேல் வரும் எலும்புக்கூடு. டாரட் என்று பெயர் சொன்னார். கேள்வி கேட்கிறவர் கட்டைக் கலைத்துக் கொடுக்க வேண்டும். அவர் அதை விரித்துப் பலன் சொல்வார்.

விரிப்பு நடந்தது தையல் ஆசிரியையின் வீட்டில், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு. ஞாயிறு என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. குறி கேட்பது பாவம் என்று பங்குச் சாமியார் பிரசங்கத்தில் சொல்லியிருந்தார். சனிக்கிழமை மாலை சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம். ஞாயிறு காலை பூசையில் பாவமில்லாமல் நன்மை அப்பம் வாங்கியாக வேண்டும். ஆகவே பூசை முடிந்த பிறகு சீட்டு.

"அடுத்த சனிக்கிழமை வரைக்கும் ஆறு நாள் இருக்குல்ல. அதுக்குள்ள மறந்துரும்" என்றாள் தையல் ஆசிரியை.

"மறந்த பாவமும் பாவந்தான்" என்றேன்.

"அக்கா பாவத்தைக்கூட தேதி போட்டு வச்சிருப்பாங்க" என்று அவள் சொல்ல, ஓவிய ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். முன்பெல்லாம் அவள் என்னைக் கேலி செய்வது எனக்குப் பிடிக்கும். வேறு ஒருவருடைய சிரிப்புக்காகச் செய்த அன்று பிடிக்கவில்லை.

சீட்டு வைக்க அவள் ஒரு நீலத் துணி தைத்திருந்தாள். எனக்கு அவள் தைத்துத் தந்த தலையணை உறையில் சங்கிலித் தையல். அந்தத் துணியின் நாலு ஓரத்திலும் நிழல் தையல். நிழல் தையலுக்குக் குறைந்தது ஒன்பது மாலை வேலை இருக்கும்.

விரிப்புகள் மூன்று வகை. சின்னக் கேள்விக்கு மூன்று சீட்டு: நேற்று, இன்று, நாளை. இதுவா அதுவா என்ற கேள்விக்கு லாட வடிவில் ஏழு சீட்டு. வாழ்க்கையே மாறுகிற கேள்விக்குப் பத்துச் சீட்டுச் சிலுவை. அதில் முதல் சீட்டு கேட்கிறவர். அதன் குறுக்கே படுக்கவைக்கும் இரண்டாவது, தடை. கீழே, இடப்பக்கம், மேலே, வலப்பக்கம் என்று நான்கு. பிறகு வலது ஓரத்தில் கீழிருந்து மேலாக நான்கு. உச்சியில் இருக்கும் பத்தாவது சீட்டுதான் முடிவு. சிலுவை விரிக்கும்போது கால் நீட்டி உட்காரக் கூடாது என்று ஓவிய ஆசிரியை சொல்வார். அது சீட்டின் விதியா, பொன்மலை விதியா என்று தெரியவில்லை.

கணக்கு டீச்சர், ட்ரில் டீச்சர், ஒன்றாம் வகுப்பு டீச்சர் எல்லாரும் வந்தார்கள். நான் சுவரோரமாக உட்கார்ந்து எழுதினேன். கட்டம் போட்ட நோட்டில் பக்கத்துக்கு ஒரு விரிப்பு. சீட்டு விழுந்த இடத்தில் கட்டம், அதற்குள் சீட்டின் பெயர், கீழே அவர் சொன்ன பலன், ஒரு மாதம் கழித்து நடந்தது என்ன என்பதற்குக் கொஞ்சம் இடம். டீச்சர் எவ்வளவு அக்கறையாகக் கற்றுக்கொள்கிறார்கள் என்று ஓவிய ஆசிரியை எல்லாரிடமும் சொன்னார். நான் எழுதியது கற்றுக்கொள்ள அல்ல. அவருடைய தப்பை ஒரு நாள் பிடிக்க வேண்டும் என்பதற்காக.

அக்டோபரில் பிடித்தேன் என்று நினைத்தேன். மூன்று வாள் என்று ஒரு சீட்டு. மழை மேகத்துக்குக் கீழே ஒரு சிவப்பு இருதயம். அதில் மூன்று வாள்கள் இறங்கியிருக்கும். கணக்கு டீச்சருக்கு அது வந்தபோது, மூன்றாவது ஆள் ஒருவர் நடுவில் நுழைந்து மனத்தை முறிப்பார் என்றார். அது பதினான்காம் பக்கம். ஒன்றாம் வகுப்பு டீச்சருக்கு ஆறாம் மாதத்தில் குழந்தை தங்காமல் போயிருந்தது. அவருக்கு இதே சீட்டு வந்தபோது ஓவிய ஆசிரியை அதை எடுத்து அவர் கையில் கொடுத்தார். பிறகு, "இது வாள் பாய்ஞ்ச வியாகுல மாதா இருதயம் டீச்சர். உங்க கஷ்டத்தை அவங்க வாங்கி வச்சிருக்காங்க" என்றார். அந்த டீச்சர் அழுதுவிட்டு, எழுந்து முகம் கழுவி, இரண்டு சிறுமலை வாழைப்பழம் சாப்பிட்டார். இருபத்திரண்டாம் பக்கம். ட்ரில் டீச்சருக்கு அதே சீட்டு வந்தபோது, "நெஞ்செரிச்சலா இருக்கும். வெஞ்சனத்துல காரத்தைக் குறைங்க" என்று சொல்லிச் சிரித்தார். முப்பத்தொன்றாம் பக்கம்.

எல்லாரும் இருக்கும்போதே கேட்டேன். "ஒரே சீட்டுக்கு மூணு பலன் எப்படி வரும்?"

ஓவிய ஆசிரியை கோபப்படவில்லை. "சீட்டு ஒண்ணுதான் டீச்சர். முன்னால உக்காந்திருக்கவங்க ஒண்ணு இல்லையே" என்றார்.

"பூகோளத்துல அப்படிச் சொல்ல முடியாதுல்லக்கா. வைகை எல்லாருக்கும் ஒரே பக்கந்தான் ஓடும்" என்றாள் என் தோழி. சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அன்று மாலை நோட்டின் கடைசியில் ஒரு அட்டவணை போட்டேன். சீட்டின் பெயர், அது வந்த பக்கங்களின் எண். எந்தச் சீட்டுக்கு எத்தனை விதமாகச் சொல்லியிருக்கிறார் என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும். வேறு எந்த வேலையையும் நான் அவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை.

டிசம்பரில் அரைப் பரீட்சை முடிந்து ஓவிய ஆசிரியை பொன்மலைக்குப் போனார். அவருடைய அம்மாவுக்குச் சீட்டு பிடிக்காது. ஆகவே சீட்டுக்கட்டை என் தோழியின் பெட்டியில் வைத்துவிட்டுப் போனார். கொடுப்பதை நான் சன்னல் வழியாகப் பார்த்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அவளுடைய அண்ணன் ஒரு வரன் செய்தியோடு வந்தார். ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் மண்டி வைத்திருக்கும் ஒருவர், நம் சபைதான், மனைவி இறந்து மூன்று வருடம், ஒன்பது வயதில் ஒரு மகள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை அவள் நீலத் துணியோடும் சீட்டுக்கட்டோடும் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, நீங்க விரிங்க. உங்ககிட்டதான் எல்லாம் எழுதியிருக்கே."

ஆறு மாதத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் உதவி. எனக்கு முகமெல்லாம் சூடானது. சிலுவை விரித்தேன். விதி ஒன்றும் தவறவில்லை. முதல் சீட்டு கோப்பை ராணி. அதன் குறுக்கே தடையாகத் துறவி வந்தார். சாம்பல் நிற அங்கி, தனியாள், கையில் விளக்கு.

அவள் குனிந்து பார்த்தாள். "விளக்குக்குப் பதிலா குடையைக் குடுத்தா நீங்களேதான்."

"தடைன்னா ஆளாத்தான் இருக்கணும்னு இல்ல" என்றேன்.

"சும்மா சொன்னேன்க்கா. இம்புட்டுக்கு மூஞ்சியத் தூக்காதீங்க."

ஆறாவது இடத்தில் ரதம் வந்தது. பயணம், வெற்றி. அதை ஒரு வரியில் முடித்தேன். அவள் சிரித்துக்கொண்டே, "ஒட்டன்சத்திரம் போனா நானும் 'ஏனுங்க, வாங்க'ன்னுதான் பேசணும்" என்றாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவள் ஏற்கெனவே பாதி கிளம்பிவிட்டாள் என்று தெரிந்தது. பத்தாவது சீட்டைத் திருப்பினேன். மூன்று வாள். தலைகீழாக இல்லை, நேராக விழுந்திருந்தது.

நோட்டைப் பிரித்தேன். அட்டவணையில் மூன்று எண்களும் என் கண்முன் இருந்தன. பதினான்காம் பக்கத்தை எடுத்து வாசித்தேன். மூன்றாவது ஆள் ஒருவர் நடுவில் நுழைந்து மனத்தை முறிப்பார். "அவரோட அந்தச் சின்னப் பொண்ணா இருக்கலாம். இல்லேன்னா செத்துப்போன அதோட அம்மா நினைப்பா இருக்கலாம்" என்று நானாகவே சேர்த்துக்கொண்டேன். அவள் இருதயப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது வளவில் யாரோ குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று கத்தினார்கள். ஆத்தூரிலிருந்து குழாயில் வரும் தண்ணீரைக் கண்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. அன்று என் முறை முதல். அந்த இடத்தைவிட்டு எழுந்துபோக ஒரு காரணம் கிடைத்ததில் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அவளுக்கு ஒரு குடம் பிடித்து அவள் வீட்டு வாசலில் இறக்கினேன். எனக்கு ஒரு குடம் பிடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது, நோட்டு அவள் மடியில் இருந்தது. கடைசிப் பக்கம்.

"டீச்சர்" என்றாள். வீட்டில் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "மூணு வாளுக்கு மூணு பக்கம் போட்டிருக்கீங்க."

"ஆமா."

"ஒண்ணைத்தான் வாசிச்சீங்க."

"முதல்ல சொன்னதுதான் மூலப் பலன். மத்ததெல்லாம் அவங்க இட்டுக்கட்டிச் சொன்னது."

"இருபத்திரண்டுல மாதா இருதயம்னு உங்க கையெழுத்துதான் இருக்கு. அதை எனக்கு வாசிக்க மனசு வரலையா?"

குடம் இடுப்பிலேயே இருந்தது. அதை இறக்கத் தோன்றவில்லை. அவள் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"போகாதேன்னு உங்க வாயால சொல்லிருந்தா, செத்த நேரம் உக்காந்து யோசிச்சிருப்பேன். நிசமாவே யோசிச்சிருப்பேன். பதினோரு வருசம் என்ன சும்மாவா. அதைப் போய்ச் சீட்டு மேல போட்டீங்களே."

"இப்பச் சொல்றேன். போகாதே."

அவள் நீலத் துணியை நான்காக மடித்தாள். "இப்ப எப்படிக்கா நம்புறது" என்றாள். மறுபடியும் அக்கா என்றுதான் சொன்னாள். அதன் பிறகு எழுந்து போய்விட்டாள்.

அன்று பிற்பகலே அண்ணனுக்குச் சம்மதக் கடிதம் எழுதித் தபாலில் போட்டாள். என் பலனைக் கேட்டிராவிட்டால் அவள் இன்னும் தயங்கியிருப்பாளா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். எழுதியும் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கத்துக்கு மேல் போகவில்லை.

ஜனவரியில் பள்ளி திறந்தது. மதிய இடைவேளையில் நான் தையல் அறைக்குப் போனபோது ஓவிய ஆசிரியை அங்கே இருந்தார். செய்தி அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது.

"நீங்க சிலுவை விரிச்சீங்களாமே டீச்சர்" என்றார் என்னிடம். "பத்தாவது என்ன வந்துச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் தையல் இயந்திரத்தின் பின்னாலிருந்து என் தோழி பேசினாள். தலையை நிமிர்த்தவில்லை. மிதிப்பதையும் நிறுத்தவில்லை.

"சூரியன் வந்துச்சு. அக்கா நல்லாத்தான் சொன்னாங்க."

"பரவாயில்லையே. கை வந்துருச்சு உங்களுக்கு" என்று ஓவிய ஆசிரியை என் தோளைத் தட்டினார். அவர் முகத்தில் உண்மையான சந்தோஷம் இருந்தது. அவர் பொறாமைப்படுகிறவர் அல்ல. அதையும் நான் அவர்மேல் ஒரு குற்றமாகத்தான் வைத்திருந்தேன்.

ஈஸ்டர் முடிந்து கல்யாணம் நடந்தது. பெண்ணுக்குத் துணையாகப் பீடத்தருகில் நின்றது ஓவிய ஆசிரியை. நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். இப்போதும் ஒட்டன்சத்திரத்திலிருந்து எங்கள் இருவருக்கும் கடிதம் வருகிறது. அவருக்கு வருவது நீளம். ஆசிரியர் அறையில் எல்லாரும் கேட்க வாசிப்பார். அந்த மகள் அவளை அம்மா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டதை நான் தெரிந்துகொண்டதும் அவருக்கு வந்த கடிதத்திலிருந்துதான். எனக்கு வருவதில் நலமும், மழையும், தக்காளி ஏற்றிய லாரி மலையாள நாட்டுக்குப் போன செய்தியும் இருக்கும்.

ஆனால் அன்றைக்கு விழுந்தது சூரியன் என்றே ஓவிய ஆசிரியை இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் அந்தக் கடிதங்களை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். அவளைப் பற்றி எனக்குத் தெரிந்து அவருக்குத் தெரியாதது அது ஒன்றுதான். அவமானப்பட வேண்டிய விஷயம், பட்டுக்கொண்டும்தான் இருக்கிறேன். என்றாலும் அதை அவருக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.