பாலக்கரைப் பள்ளியின் ஸ்பிரிட் விளக்கு

எனக்குக் கெமிஸ்ட்ரி வரவில்லையா, இல்லை, யாரும் வர விடவில்லையா? முப்பத்திரண்டு வயதாகியும் எனக்கு விடை தெரியவில்லை.

போன வாரம் ஸ்ரீரங்கத்தில் மகளுக்கு ஊசி போட அழைத்துப் போனபோது, கம்பவுண்டர் ஸ்பிரிட் விளக்கை ஏற்றி ஊசியைக் கொதிக்க வைத்த வாசனையில், பாலக்கரையில் நான் படித்த பெண்கள் பள்ளியின் தகரக் கொட்டகை லேப், இப்போது இடித்தே போட்டுவிட்ட அந்த லேப், அப்படியே கண்முன் வந்தது. வெயிலில் தகரம் படபடக்க, நாங்கள் நாற்பது பேரும் சுவரோரம் நின்று டீச்சர் செய்வதைப் பார்த்து நோட்டில் படம் வரைவோம்; தாவணியில் தீப்பிடிக்கும் என்று மேஜைப் பக்கமே விடமாட்டார்கள். ஒருநாள் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு போய் நானே விளக்கை ஏற்றிவிட்டேன்.

"ஏண்டி, நாளைக்கு மாமியாருக்கு ஆக்ஸிஜனா சமைச்சுப் போடப்போறே?" என்றார் டீச்சர். வகுப்பே சிரித்தது. அடுத்த வருஷம் அவர் சொன்னபடியே, சமையல் சொல்லித்தரும் மனையியல் பிரிவை எடுத்தேன். அங்கே முதல் நாளே மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னார்கள். தாவணியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

நேற்று என் மகளின் பள்ளி விண்ணப்பப் பாரத்திலும் மனையியலே போடச் சொல்லிவிட்டு ஆபீஸ் போனார் என் கணவர். அவள் ஆசைப்பட்டது சயன்ஸ். பாரத்தில் அதையே எழுதி, நானே கையெழுத்துப் போட்டுப் பள்ளியில் கொடுத்துவிட்டேன். செய்தது சரியா என்று மனம் அடித்துக்கொள்கிறது. அவரிடம் எப்படிச் சொல்வது? அனுபவமுள்ள வாசகியர் இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள். பாரத்தை மாற்றச் சொல்லி மட்டும் யாரும் எழுத வேண்டாம்.