சத்தம் குறைந்த சன்னம்

எங்கள் நாட்டில் சண்டை முடிந்த நாள் ரொறன்ரோவில் மகாராணியின் பிறந்தநாள் விடுமுறை. பொழுது பட்டதும் ஊர் முழுக்க வாணவேடிக்கை. அண்ணன் செத்த செய்தி வந்து நாலு நாள்கூட ஆகவில்லை. வீட்டில் அடுப்பு மூட்டாததால் கொத்துரொட்டி வாங்கிக்கொண்டு கடை பார்க்கிங்குக்குள்ளால் வந்துகொண்டிருந்தேன். முதல் வெடி வெடித்ததும் இரண்டு கார்களுக்கு நடுவில் குப்புற விழுந்துவிட்டேன், கொத்துரொட்டிக்கு மேலே. அந்த வழியாக வந்த ஒரு சின்னப் பிள்ளை தாயைக் கேட்டது:

"அம்மா, உந்த அக்கா ஏன் இதில நித்திரை கொள்ளுறா?"

அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் விழத் தொடங்கினேன். குப்பை லொறி, பக்கத்து வீட்டுக் கதவு, ஒருநாள் டோஸ்டர். வேலை செய்த பாண் பக்டரியில் இரும்புத் தட்டு ஒன்று விழுந்தபோது மெஷினுக்கு அடியில் போய்ப் படுத்தேன். இன்னொரு தரம் படுத்தால் வீட்டிலேயே படுத்துக்கொள் என்று சூப்பவைசர் சொல்லிவிட்டான்.

அப்போதுதான் யோசனை வந்தது. வெடிக்கிற சாமான் என் கையிலேயே இருந்தால், அது எப்போது வெடிக்கும் என்று எனக்குத் தெரியும்தானே? ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவளுக்கு இதைவிட நல்ல யோசனை வராது.

எங்கள் அபார்ட்மெண்டில் ஒரு அறையை வாடகைக்கு விட்டிருந்தோம். அதில் இருந்தவன் கோயம்புத்தூர்க்காரன், கம்பியூட்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கிளப்புக்குப் போய்த் துவக்கால் கடதாசியைச் சுடுவான். வாழ்நாளில் ஒரு செல் விழுந்து வெடிக்கிற சத்தமும் கேட்காதவன். நான் செல்லுக்குப் பதுங்குகிற பங்கருக்குள் வளர்ந்தவள். எந்தச் சத்தம் எந்தச் சாமான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன், ஒன்றையும் தொட்டதில்லை. எனக்குத் துவக்குப் பழக்க வேண்டிய ஆள் அவனாகப் போனான்.

லைசென்ஸ் வகுப்பு இங்கிலீஷில் நடந்தது. கேள்விகளை அவன் வீட்டில் திரும்பத் திரும்பச் சொல்லித் தந்தான். விண்ணப்பத்தில் குடும்பம் பிரிந்ததா, வேலை போனதா, கடன் முற்றி வங்குரோத்து ஆனாயா என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். அண்ணன் செத்தானா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

லைசென்ஸ் வர அடுத்த வருடம் பிறந்துவிட்டது. "முதல்ல பாயிண்ட் டூ டூ வாங்குங்க, சின்னது, பழகறதுக்கு நல்லது" என்றான். நான் கேட்கவில்லை. பழைய திரீ பிப்டி செவன் ரிவோல்வர் ஒன்றை வாங்கினேன். ஆறு அங்குலக் குழல், அம்மியின் குழவி மாதிரிப் பாரம். கையில் எடுத்ததும் பிடித்துப்போனது.

பூட்டுப் பெட்டியோடு அதை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அம்மா பார்த்துவிட்டா.

"உது என்னத்துக்கு?"

"பழக."

"அண்ணனை ஆரும் உதாலயே சுட்டவங்கள்? செல் விழுந்தெல்லோ போனவன். அப்ப நீ செல்லெல்லோ வாங்கியிருக்கோணும்."

அம்மா பகிடி விட்டாவா, திட்டினாவா என்று இன்றைக்கும் தெரியாது. அவன் துவக்குத் தூக்கினவன் இல்லை. கடைசி நாட்களில் கஞ்சி வரிசையில் நின்றவன். கனடாவுக்கு எங்களோடு பிள்ளை என்ற கணக்கில் வருவதற்கு அவனுக்கு வயது கூடிப்போயிருந்தது, அவ்வளவுதான்.

துவக்குக்குள் போடுகிற சன்னம் வாங்கப் போனோம். கடைச் சுவரில் நூறு விதமான பெட்டிகள். கோயம்புத்தூர்க்காரன் என் ரிவோல்வருக்கே உரிய மெக்னம் சன்னப் பெட்டியை எடுத்து மாலை போடுவதுபோல் இரண்டு கையாலும் நீட்டினான்.

"இதுதாங்க கெத்து. அடிச்சீங்கன்னா கட்டடமே ஆடும்."

"கட்டடம் ஆடினதுகள் நான் கனக்கப் பாத்திட்டன். ஆகச் சத்தம் குறைஞ்சது எது எண்டு கேளும்."

அவன் கேட்டான். கடைக்காரன் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுத் தேர்ட்டி எயிட் பெட்டி ஒன்றை இறக்கினான். சன்னத்தின் மூக்கை வெட்டிவிட்டதுபோல் தட்டையாக இருந்தது, தேய்ந்த லிப்ஸ்டிக் மாதிரி. வெடிமருந்து குறைவு, உதை குறைவு, கடதாசியில் ஓட்டை வட்டமாக விழும். என் ரிவோல்வருக்குள் இந்தக் கட்டைச் சன்னத்தையும் போடலாம். தேர்ட்டி எயிட் ரிவோல்வருக்குள் மெக்னத்தைப் போடக்கூடாது. இதைக் கடைக்காரன் மூன்று தரம் சொன்னான். என் முகத்தில் படிப்பு தெரியவில்லைப்போல.

கிளப்பில் புதிதாகச் சேருகிற ஆள் முதலில் தற்காலிக மெம்பர்தான், மூன்று தரம் அவர்கள் பார்க்கச் சுட்டுக் காட்ட வேண்டும். அதில் தேறாவிட்டால் மெம்பர் இல்லை, மெம்பர் இல்லாவிட்டால் ரிவோல்வரையும் வைத்திருக்க ஏலாது. எனக்கு அதைவிடப் பெரிய பிரச்சினை இருந்தது. அங்கேயும் விழுந்தால் பிறகு எங்கே போய் எழும்புவது?

முதல் நாள் விழுந்தேன். பக்கத்து இடத்தில் ஒரு தடியன் ஏதோ பெரிய சாமானால் சுட்டான். நான் வகுப்பில் சொல்லித் தந்தபடி ரிவோல்வரை மேசையில் வைத்தேன், உருளையைத் திறந்து சன்னங்களைக் கொட்டினேன், குழலை இலக்குப் பக்கம் திருப்பினேன், அதற்குப் பிறகுதான் விழுந்தேன். விழுந்தபடி காதில் இருந்த மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு வாயைத் திறந்து வைத்துக்கொண்டேன். வாயைத் திறந்தால் செவிப்பறை வெடிக்காது. காதைத் திறந்தால்தான் அடுத்தது எங்கே விழுகிறது என்று தெரியும். பங்கரில் எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் இதுதான் பாடம்.

சுடுகிற ஆட்களைக் கண்காணிக்கிற ரேஞ்ச் ஒபிசர் ஒரு குண்டு மனுசி, மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தா. ஓடிவந்து, துவக்கு வைத்த விதத்தில் ஒரு பிழையும் இல்லை, காதுமூடியைக் கழற்றினதுதான் பிழை என்றா.

"காதைப் பொத்தினா அடுத்தது எங்க விழுதெண்டு எப்பிடித் தெரியும் எண்டு அவவைக் கேளும்" என்றேன் கோயம்புத்தூர்க்காரனிடம்.

"இங்க ஒண்ணும் விழாதுங்க. எல்லாம் நேராத்தாங்க போகும்."

இரண்டாம் நாள் நின்றுகொண்டே சுட்டேன், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு. கடதாசியில் ஒன்றும் இல்லை. கூரையில் எங்கேயாவது இருக்கலாம் என்றா ஒபிசர்.

மூன்றாம் நாள் கோயம்புத்தூர்க்காரன் என்னைத் திரும்பி நிற்கச் சொன்னான். ஆறு குழியில் சிலதுக்குள் சன்னமும் சிலதுக்குள் சுட்டு முடிந்த வெறுங்கோதும் போட்டு உருளையைச் சுற்றி மூடினான். எது எதற்குள் என்று எனக்குத் தெரியாது. சுட்டேன். வெடித்தது. நின்றேன். மறுபடி வெடித்தது. நின்றேன். மூன்றாவது 'டிக்' என்றது. ரிவோல்வரின் மூக்கு ஒரு சாண் கீழே போனது, என் தலை தோளுக்குள் போனது, வாய் திறந்திருந்தது.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "பாத்தீங்களா? வராத சத்தத்துக்குக் குனியறீங்க!"

"சத்தம் வந்தாப் பிறகு குனிஞ்சு என்னத்துக்கு, விசரா?" என்று கத்தினேன்.

கத்தின பிறகுதான் எனக்கே கேட்டது. அண்ணனும் என்னோடு அதே பங்கரில் அதே பாடம் படித்தவன். என்னைவிட வேகமாக விழுவான். அன்றைக்கு மட்டும் ஏன் பிந்தினான் என்று ஒரு வருடமாக மண்டைக்குள் குடைந்துகொண்டிருந்தேன். கையில் கஞ்சிச் சட்டி இருந்திருக்கும். விழுந்தால் ஊற்றுப்பட்டுவிடும். அந்த மடையன் அதைப் பக்குவமாகக் கீழே வைக்கப் பார்த்திருப்பான்.

ரிவோல்வரை மேசையில் வைத்து, உருளையைத் திறந்து, குழலை இலக்குப் பக்கம் விட்டு, நின்ற இடத்திலேயே அழுதேன். அண்ணன் செத்ததற்கு அப்படி அழுதது அதுதான் முதல் தரம். பக்கத்துத் தடியன் சுட்டுக்கொண்டே இருந்தான். நான் விழவில்லை. காதுமூடியும் காதிலேயே இருந்தது. மூக்கு மட்டும் ஓடியது.

கோயம்புத்தூர்க்காரனுக்கு முகம் செத்துப்போனது. "ஐயோ, சாரிங்க, நான் சும்மா வெளையாட்டுக்கு..." என்று கைக்குட்டையைத் தேடினான். அகப்பட்டது துவக்குத் துடைக்கிற எண்ணெய்த் துணி. அதையே வாங்கித் துடைத்தேன்.

ஒபிசர் வந்து நிற்பாட்டுவோமா என்று கேட்டா. பெட்டியில் இன்னும் கிடக்கு என்றேன். கிடந்த எல்லாவற்றையும் சுட்டேன். கண்ணீருக்குள் இலக்குத் தெரியவில்லை, ஆனால் கண் திறந்துதான் இருந்தது. கடதாசியின் ஓரத்தில் ஏழெட்டு வட்ட ஓட்டைகள் விழுந்தன. இரண்டு பக்கத்துத் தடியனின் கடதாசியில் இருந்தன.

ஒபிசர் தாளில் ஏதோ எழுதிக் கையெழுத்து வைத்துத் தந்தா.

"என்ன எழுதிக் கிடக்கு? வாசியும்."

கோயம்புத்தூர்க்காரன் இரண்டு தரம் வாசித்துவிட்டுச் சொன்னான்:

"'அழறாங்க. ஆனா பத்திரமா அழறாங்க. சேத்துக்கலாம்.'"