வால்வுக்காரி வாங்கிய வண்டி

மலைமேல் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கு முதன்முதலில் வால்வு திறந்தவர் அவளுடைய மாமனார். அவருக்குப் பிறகு மூத்த மகன் கொஞ்ச நாள் திறந்தான். அவனுக்கு உயரம் என்றால் தலை சுற்றும், விட்டுவிட்டான். அடுத்தது இளைய மகன், அதாவது அவள் புருஷன். அவன் நெஞ்சுவலியில் போன பிறகு வேலை அவளுக்கு வந்தது. அன்றிலிருந்து பத்தொன்பது வருஷமாக ஊர் அவளை வால்வுக்காரி என்றுதான் கூப்பிடுகிறது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

வேலை என்று பார்த்தால் பெரிய வேலை இல்லை. காலை ஆறு மணிக்கு மேலே போய் வால்வுச் சக்கரத்தைச் சுற்றித் திறக்க வேண்டும். கீழே நாலு தெருவுக்குத் தண்ணீர் போகும். ஒன்பது மணிக்கு மூட வேண்டும். சாயங்காலம் மறுபடி ஒரு தரம். ஏறுவதுதான் வேலை. ஜீப்பே போகாத கல்லுப் பாதை, முக்கால் மணி நேரம் பிடிக்கும். மற்றதெல்லாம் வெறும் கை அசைப்பு.

ஐம்பத்தாறு வயதில் வலது முட்டி அவளைக் கைவிட்டது. பாதி வழியில் தட்டையாக ஒரு கல் உண்டு. முதலில் அதில் உட்கார ஆரம்பித்தாள். பிறகு அதற்கு முன்னால் ஒரு கல், பின்னால் ஒரு கல். ஒரே மாசத்தில் நாலு நாள் தண்ணீர் தாமதமானது. கீழ்த்தெருக்காரர்கள் காலிப் பக்கெட்டோடு குடிநீர் ஆபீசுக்குப் புகார் சொல்லப் போய்விட்டார்கள்.

அங்கே இருந்த மேற்பார்வையாளர் கெட்டவர் இல்லை. அவளை உட்காரவைத்துத்தான் சொன்னார். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது, நடுவில் நின்றால் பென்ஷன் கிடையாது, அது தனக்கும் தெரியும் என்றார். ஆனால் அடுத்த மாசம் ஒன்றாம் தேதி தானே தொட்டிக்கு வந்து நிற்பதாகவும், ஆறு மணிக்குத் தண்ணீர் விழாவிட்டால் வேறு ஆள் போடுவதைத் தவிர வழியில்லை என்றும் சொன்னார். அவள் தலையை ஆட்டிவிட்டு வந்தாள். வாதாடவும் ஒரு தெம்பு வேண்டுமே.

வண்டி யோசனை தம்பியுடையது. அவன் இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிற பட்டறைக்காரன். சாப்பிடும்போதும் இடுப்பில் அளவு டேப் தொங்கும், அதனால் ‘டேப்பு’ என்றே பெயர். அவன் மனைவியின் பெரியப்பா மகன் கடற்கரையில் ஒரு இடத்தில் காவல் வேலை பார்த்தான். மணலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க வருகிறவர்களுக்கு வண்டி வாடகைக்கு விடும் இடம் அது. அதை மூடப்போகிறார்கள், வண்டிகளை விற்கிறார்கள் என்று அவன்தான் சொன்னான்.

ஏடிவி என்கிறார்கள். நாலு தடிச் சக்கரம், பைக் மாதிரி ஹேண்டில்பார், எருமை முதுகு மாதிரி சீட்டு. மணலோ கல்லோ சேறோ அதற்கு எல்லாம் ஒன்றுதான். வலது கட்டைவிரலால் ஆக்சிலேட்டரைத் தள்ளினால் ஓடும், கியர் தொல்லை கிடையாது. அவள் புருஷனுடைய மொபெட்டை ஓட்டிப் பழகியவள். மணலில் ஒரு சுற்றுச் சுற்றினாள். சொன்ன பேச்சைக் கேட்டது. வாங்கிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் டேப்பு கை வைத்தான். அவள் காலைத் தூக்கிப் போட்டு ஏற முடியாது, அதனால் பக்கத்தில் ஒரு படியை வெல்டு வைத்தான். பிரேக் வலது காலில் இருந்தது. அந்தக் காலை நம்ப முடியாது என்று கம்பி இழுத்துக் கைக்குக் கொண்டுவந்தான். முட்டியில் இடிக்கும் பிளாஸ்டிக்கை அறுத்து எறிந்தான். அதற்காக டேப்பை விரித்து அவள் காலை மேலும் கீழும் அளந்தான்.

“என்னடா, அக்காவைக் கதவுன்னு நினைச்சியா?” என்றாள்.

“கதவா இருந்தா கீலை மாத்திட்டுப் போயிருப்பேன். முட்டியாப் போச்சுக்கா.”

அவள் சிரித்தாள். ரொம்ப நாள் கழித்து.

மறுநாள் மலைக்குப் போனார்கள். முதல் வளைவில் வண்டி முனகியது, இரண்டாவது வளைவில் நின்றது. ஆக்சிலேட்டரை எவ்வளவு தள்ளினாலும் அதே முனகல்தான். வண்டியைப் பின்னால் இறக்கிவிட்டு அவள் நடந்தே மேலே போனாள்.

எஞ்சினில் சத்து இல்லை என்று டேப்பு முடிவு கட்டினான். பைக் மெக்கானிக்கிடம் கொண்டுபோய் கார்புரேட்டரைக் கழுவினான். பிஸ்டன் ரிங் மாற்றினான். செயின் பல்சக்கரத்தைப் பெரிதாகப் போட்டான். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் போனது. ஒவ்வொரு வாரமும் வண்டி அதே இரண்டாவது வளைவில் போய் நின்றது, யாரோ அங்கே அதற்குக் கோடு போட்டுக் கொடுத்த மாதிரி. விற்றவனிடம் ஒரு வார்த்தை கேளேன் என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தாள். இரும்பைப் பற்றி எனக்கு ஒருத்தன் சொல்லவேண்டுமா என்று அவன் வீம்பாக நின்றான்.

“வண்டிக்கு ஏறத் தெரியல, உங்க தம்பிக்கு இறங்கி வரத் தெரியல. நடுவுல நீங்க நடக்கறீங்க அண்ணி,” என்றாள் தம்பி மனைவி.

ஒன்றாம் தேதிக்கு முதல் நாள். ஒன்பது மணிக்கு வால்வை மூடிவிட்டு இறங்கி வந்தவள் வீட்டுக்குப் போகாமல் பட்டறை வாசலில் நின்ற வண்டியின்மேல் உட்கார்ந்தாள். வேறு நாற்காலி இல்லை, அதனால்தான். எஞ்சின் ஓடவில்லை. கட்டைவிரல் சும்மா இருக்கமாட்டாமல் ஆக்சிலேட்டரைத் தள்ளித் தள்ளி விட்டது. நாலைந்து தரம் தள்ளிய பிறகு விரல் நின்றது.

பத்தொன்பது வருஷம் வால்வு திறந்த கை அது. முழுக்கத் திறந்த வால்வு நிற்பது ஒரு விதம். மெதுவாக, இனிமேல் இடமில்லை என்று தானாக அடங்கும். உள்ளே கல்லோ துருவோ மாட்டிக்கொண்டது நிற்பது வேறு விதம். டக்கென்று முட்டும். கீழ்த்தெரு வால்வை ஆள் ஆளுக்கு முழுக்கத் திறந்துவிடக்கூடாது என்று அவளே ஒரு போல்ட்டை முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறாள். அந்த முட்டு அவளுக்குத் தெரியும்.

“டேய், இங்க வா. இது முடிஞ்சு நிக்கல. ஏதோ தடுத்து நிக்குது.”

“அவ்வளவுதான்க்கா போகும்.”

“பிரிச்சுப் பாருன்னு சொல்றேன்ல.”

ஹேண்டில்பாரில் இருந்த ஆக்சிலேட்டர் பெட்டியைச் சுற்றிக் கறுப்பு ஒட்டு டேப் ஒட்டியிருந்தது. உடைசலை மறைக்க ஒட்டியது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். பிரித்தால் அடியில் அழுக்கும் கிரீசும், அழுக்குக்குள் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு ஸ்க்ரூ. வாடகைக்கு ஓட்டுகிறவன் வேகமாகப் போய் எலும்பை உடைத்துக்கொள்ளாமல் இருக்க, பாதிக்கு மேல் தள்ள முடியாதபடி முறுக்கி வைத்திருந்தார்கள்.

டேப்பு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். முகம் செத்துப்போயிருந்தது. அவள் ஸ்க்ரூவைத் தானே நாலு சுத்து தளர்த்தினாள். விரலுக்கு அடியில் ஆக்சிலேட்டர் மெதுவாகக் கடைசிவரை போய் அடங்கியது.

மறுநாள் இரண்டாவது வளைவை வண்டி கண்டுகொள்ளவே இல்லை. ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவள் தொட்டிக்குப் போய்விட்டாள். மேற்பார்வையாளர் நடந்து வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். ஆறு மணிக்குத் தண்ணீர் விழுந்தது. சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது, ஆனால் உடம்பு அதற்கு வரவில்லை. முட்டி கத்தவில்லை, அதுவே போதும்.

மேற்பார்வையாளர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். சீட்டைத் தட்டினார்.

“வேலையைப் பத்தி இனிமே கவலைப்படாதீங்கம்மா. நல்லா ஏறுதே இது. எதிர் மேட்டுத் தொட்டிக்கு ஆறு மாசமா ஆள் இல்ல. அதையும் நீங்களே பாத்துக்கலாமே?”

அவள் கை வால்வுச் சக்கரத்திலேயே இருந்தது. முடியாது என்ற வார்த்தை பத்தொன்பது வருஷத்தில் அவள் வாயில் ஒருமுறையும் வந்ததில்லை.

“அது செங்குத்து சார். ஏறுமோ என்னமோ.”

“நாளைக்குப் பாத்துடுவோம். நானும் பின்னால உக்காந்து வரேன்.”

இறங்கி வந்து தம்பியிடம் ஸ்க்ரூடிரைவர் கேட்டாள். விஷயத்தைச் சொன்னாள். அவன் எடுத்துக் கொடுத்தான்.

“எத்தனை சுத்து முறுக்கணும்?”

“ரெண்டு.”

“போதுமா? அவர் இறங்கிட்டா ஏறிடுமே.”

“அதுக்கு மேல முறுக்கினா நம்ம மலையும் ஏறாது. நான் தினமும் ஏறணும்ல.”

இரண்டு சுத்து முறுக்கினாள். கறுப்பு டேப்பை அவனே அளந்து அறுத்து, பழையபடி சுருக்கமில்லாமல் ஒட்டினான்.

அடுத்த நாள் காலை வண்டி அவளுடைய மலையில் முனகிக்கொண்டே ஏறியது. ஐந்து நிமிஷம் கூடுதல், ஆனால் ஆறுக்கு முன்னால். திறந்துவிட்டு இறங்கி, மேற்பார்வையாளரை ஏற்றிக்கொண்டு எதிர் மேட்டுக்குப் போனாள். கால்வாசியில் நின்றது. அவர் இறங்கிக்கொண்டு தனியாக ஓட்டிப் பார்க்கச் சொன்னார். இன்னும் இருபது அடி போய் மறுபடி நின்றது. அவள் கட்டைவிரல் கடைசிவரை தள்ளியிருப்பதை அவரே குனிந்து பார்த்தார்.

“பழைய வண்டி,” என்றார்.

“ஆமா சார்.”

அந்த மாசக் கடைசியில் எதிர் மேட்டுக்கு ஒரு ஆளைப் போட்டார்கள். மூன்று பிள்ளைக்காரன், நல்ல கால். வழியில் பார்த்தால் அவளுக்குக் கையசைப்பான். அவள் இரண்டு வருஷமும் முனகலோடு ஏறி முனகலோடு இறங்கினாள். ஓய்வு பெறுகிற நாள்வரை அந்தக் கறுப்பு டேப்பை யாரும் பிரிக்கவில்லை.